இறவாதவருக்கு ஓர் இரங்கல் அறிவிப்பு

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. அன்று முற்பகலில், மன்னார்குடியிலிருந்து சற்றுத் தள்ளிப் பாமணி ஆற்றங்கரையில் இருக்கும் கத்தோலிக்க ஊரான சம்மனசுபுரத்தில், உயிரோடிருந்த மதலைமுத்து இறந்துவிட்டார் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது, துக்கமணியும் அடிக்கப்பட்டது. அறிவித்த பெரியநாயகசாமி ஒருவரே இதில் தவறிழைத்தவர் என்று ஊர் இன்றளவும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அது முழு உண்மை அன்று. அவர் தவறிழைத்தார், அதற்காக வெட்கப்பட்டார். மற்றவர்களோ மாலையோடு போய், மாலையோடு திரும்பி, வெட்கப்படும் வேலையை அவர் ஒருவரிடமே ஒப்படைத்துவிட்டார்கள். இதுவே குறை. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் இது விளங்கும்.

பெரியநாயகசாமி கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல்வளம் உள்ளவர். கோயிலில் அறிவிப்பு வாசிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக அவரிடமே இருந்தது. ஆடு காணாமற்போனாலும், அறுவடை இயந்திரம் வந்து இறங்கினாலும், மின்தடை என்றாலும், கொடியேற்றம் என்றாலும் ஊர் அவர் குரலில்தான் அறிந்துகொள்ளும். இறப்பு அறிவிப்பை மட்டும் அவர் தனிக் கவனத்தோடு வாசிப்பார். இறந்தவர் பெயரைச் சொல்லுமுன் சற்றே நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் ஊரே கைவேலையை விட்டு நிமிரும். அதை அவர் அறிவார். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

மதலைமுத்து அவருக்கு மச்சான் முறை, கூடப் படித்தவர். இருவர் வயலும் ஒட்டிக் கிடந்தன. மதலைமுத்துவின் வயல் சற்று மேடு, பெரியநாயகசாமியின் வயல் பள்ளம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை அடைமழையில், தம் சம்பாப் பயிர் மூழ்காமலிருக்க மதலைமுத்து வரப்பை வெட்டித் தண்ணீரைக் கீழே இறக்கிவிட்டார். இறங்கிய தண்ணீர் பெரியநாயகசாமியின் வயலில் தேங்கிப் பயிர் அழுகிற்று. கேட்கப் போன இடத்தில் வார்த்தை தடித்தது. இனி உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார் பெரியநாயகசாமி. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். மதலைமுத்துவுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் மருத்துவமனையிலிருந்து அனுப்பிவைத்த பிறகும் காப்பாற்றினார்.

“ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். அண்ணன் உருவமே தெரியாம கெடக்காரு,” என்று அவர் மனைவி பாத்திமா மேரி சொல்லாத நாள் இல்லை.

“ஆள் அனுப்பட்டும். போறேன்.”

“படுத்துக் கெடக்கறவரு வெத்தல பாக்கு வெச்சு அழைப்பாரா ஒங்கள?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆனாலும் மனத்துக்குள் ஒரு கெடு வைத்திருந்தார். அடுத்த வாரம் சாம்பற்புதன். தவக்காலம் தொடங்குமுன் போய்ப் பார்த்துவிட வேண்டும். மதலைமுத்துவின் நுரையீரல் அந்தக் கெடுவுக்குக் கட்டுப்படுமா என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சம்மனசுபுரத்தில் பேண்டு வாத்தியக் குழு ஒன்று உண்டு. கிளாரினெட்டு, டிரம்பெட்டு, சிறிய டிரம், பெரிய டிரம். அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது, குழு முன்னால் நடந்து ஒரே ஒரு மெட்டை வாசிக்கும். அதற்குச் சொற்கள் இல்லை. யார் கட்டியது என்றும் எவருக்கும் தெரியாது. ஊரார் அதற்குக் ‘கடைசி நடை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கிளாரினெட்டு அடித்தொண்டையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சியில் ஓரிடத்தில் இறங்க மனமில்லாததுபோல் நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். பிணம் இல்லாமல் அதை ஊருக்குள் வாசிக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. குழுவினர் பழகுவதற்குக்கூட ஆற்றுக்கு அக்கரையில் மோட்டார்க் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். ஆகையால் ஒரு வீட்டுக் கூரையின் கீழிருந்து அந்த மெட்டு எழுந்தால் அதற்கு ஒரே பொருள்தான்.

அன்று பெரியநாயகசாமி கொள்முதல் நிலையத்தில் குவித்திருந்த நெல்லைத் தார்ப்பாயிட்டு மூடிவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். மதலைமுத்து வீட்டைத் தாண்டும்போது எப்போதும் வேகமாக மிதிப்பார். அன்றும் மிதித்தார். முருங்கை மரத்துக்கு அப்பால், மூடியிருந்த சன்னலுக்குள்ளிருந்து, கிளாரினெட்டு அடித்தொண்டையில் தொடங்கிற்று.

கால் தானாக நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். மெட்டு ஏறத் தொடங்கியதும் வீட்டுச் சுவர் அவர் கண்ணுக்கு முன்னால் மறைந்துவிட்டது. கட்டில் தெற்கு வடக்காகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்திகள். மதலைமுத்து, அந்தப் பருத்த கன்னங்களும் அடர்ந்த மீசையுமாக, மருமகள் அனிட்டாவின் மடியில் தலைவைத்துக் கிடந்தார். விரல்களுக்கிடையில் செபமாலை. அனிட்டா குனிந்து அவர் நெற்றி முடியை ஒதுக்கினாள். அவள் கண்ணீர் ஒரு சொட்டு அவர் மீசைமேல் விழுந்து நின்றது. பேண்டுக் குழுவில் கிளாரினெட்டு வாசிக்கும் மகன் ஜெனித் சுவரோரம் நின்று, அழுகையைக் குழலுக்குள் ஊதிக்கொண்டிருந்தான். மெட்டு உச்சியில் நின்றபோது மதலைமுத்துவின் கை நழுவிக் கட்டிலுக்கு வெளியே தொங்கிற்று. பெரிய டிரம் ஒரு முறை அதிர்ந்தது.

அந்த வீட்டில் டிரம்மே இல்லை. இருந்தும் பெரியநாயகசாமியின் நெஞ்சு அதன் அதிர்வை உணர்ந்தது. இதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. இசை அப்படித்தான் செய்யும். சொல்லுள்ள பாட்டு, நினைக்கவேண்டியதைத் தானே சொல்லிவிடும். சொல்லற்ற இசையோ கேட்பவனுடைய நெஞ்சைக் குடைந்து, அங்கே என்ன கிடக்கிறதோ அதையே எடுத்து அவன் கண்ணுக்கு முன் நிறுத்தும். அவன் அதை வெளியே நடப்பதாக நம்பிவிடுவான்.

அவர் அழுதார், உண்மையாகவே அழுதார். கம்பிக் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தள்ளினால் திறந்துகொள்ளும். அவர் தள்ளவில்லை. மற்றொரு காலையும் தரையில் வைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளைக் கோயில் பக்கம் திருப்பினார். செய்வதற்கு ஒரு வேலை இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

பங்குச்சாமியார் தஞ்சாவூருக்குப் போயிருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை லூர்துதான் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மணி அடிடா. மதலைமுத்து போயிட்டான்.”

லூர்து விளக்கைக் கீழே வைத்தான். “ஐயய்யோ. எப்ப? நீங்க பாத்தீங்களாய்யா?”

“பாத்த மாதிரிதான்.”

“பாத்த மாதிரின்னா?”

“ஜெனித்து கடைசி நடை வாசிக்கறான்டா வீட்டுக்குள்ள! வேற என்ன வேணும் ஒனக்கு? டாக்டர் சீட்டா?”

லூர்துவும் அந்த ஊரில் பிறந்தவன். அதற்குமேல் கேட்க அவனுக்கும் ஒன்றும் இல்லை. மணிக்கயிற்றைப் பிடித்தான். பெரியநாயகசாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். நம் ஊர் விவசாயப் பெருமகனும், பண்பாளரும், என் இளமைக்கால நண்பருமாகிய…” இங்கே நிறுத்தினார். “…மதலைமுத்து அவர்கள், இன்று காலை, கையில் செபமாலையைப் பற்றியவாறு, அன்பு மருமகளின் மடியில் தலைசாய்த்து, அருமை மகன் அருகிருக்க, இறைவனில் இளைப்பாறினார்கள். அடக்கம் பற்றிய விவரம் பின்னர் அறிவிக்கப்படும்.”

மடியையும் செபமாலையையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஒரு கிளாரினெட்டு அவருக்குக் காட்டிய படம், இப்போது நான்கு திசையிலும் கட்டிய கூம்புக் குழாய்களின் வழியே ஊருக்குச் செய்தியாய்ப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது பாத்திமா மேரி சேலை மாற்றிக்கொண்டு அழுதவாறே நின்றாள்.

“உள்ள போனீங்களா? மொகத்தையாவது பாத்தீங்களா?”

“அறிவிக்கற வேல இருந்துச்சு…”

“இருந்தவர பாக்கல. செத்தவரையும் பாக்கல. வாங்க இப்பவாவது.” கடையில் வாங்கிய மாலையைப் பையில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு மாலை. நடக்க நடக்க, பெரியநாயகசாமி அறிவித்த மரணம் வளர்ந்துகொண்டே போயிற்று.

“விடியறதுக்கு முன்னாலயே முடிஞ்சிருக்கு. பங்காளிங்க வரட்டும்னு வெச்சிருந்திருக்காங்க.”

“அனிட்டா மடியிலதானாம். நல்ல சாவு.”

“‘ஜெனித்து, வாசிடா, கேட்டுக்கிட்டே போறேன்’னு சொன்னாராம்ல?”

“யாரு சொன்னா?”

“சொன்னாங்க.”

பேசியவர்களில் யாரும் அந்த வீட்டுக்குச் சில மாதங்களாகப் போகவில்லை என்பது அந்தப் பேச்சிலிருந்தே தெரிந்தது. மதலைமுத்து எந்த அறையில் படுத்திருக்கிறார் என்று ஒருவர் மற்றவரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

கம்பிக் கதவைத் திறந்ததும், முன்னால் போன பெண்கள் இருவர் மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தார்கள். அனிட்டா வாசலுக்கு வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

“கொஞ்சம் மெதுவா அழுங்கத்தே,” என்றாள். “மாமா கஞ்சி குடிச்சிட்டிருக்காரு.”

அழுகை நடுவிலேயே நின்றுவிட்டது. மாலைகள் ஒவ்வொன்றாக முதுகுப் பக்கம் போயின.

“இருக்…காரா?”

“இருக்காரு. அறிவிப்பு முழுசும் கேட்டாரு. நாங்க பதறி எழுந்தா, கையமர்த்தி உக்கார வெச்சிட்டுக் கேட்டாரு.” அவள் கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். கோபித்திருந்தால்கூட அவர்களுக்கு எளிதாயிருந்திருக்கும், அவள் கோபிக்கவில்லை. “எல்லாரும் வந்திருக்கீங்க. உக்காருங்கன்னு சொல்லலாம்னா அத்தன நாற்காலி இல்ல. வாடகை நாற்காலி போட்டிருப்போம்னு நெனச்சு வந்திருப்பீங்க. அதுக்கு இன்னும் நாளிருக்குங்க.”

ஜெனித் கையில் கிளாரினெட்டோடு அவள் பின்னால் வந்து நின்றான்.

“மாமா,” என்று பெரியநாயகசாமியை அழைத்தான். “அப்பா ஒங்கள உள்ள வரச் சொல்றாரு.”

கூட்டம் அவருக்கு வழிவிட்டது. எல்லாரும் தம்மையன்றி வேறு ஒருவர் அழைக்கப்பட்டதற்காக நிம்மதி அடைந்தது அவருக்குத் தெரிந்தது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“போங்க,” என்றாள் பாத்திமா மேரி. “ஆள் அனுப்பட்டும்னீங்கள்ல? அனுப்பிட்டாரு.”

அறையில் தைலமும் கஞ்சியும் கலந்த வாடை. கட்டில் கிழக்கு மேற்காகத்தான் கிடந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து மதலைமுத்துவை உட்கார வைத்திருந்தார்கள். பெரியநாயகசாமி ஒரு கணம் ஆளைத் தேடினார். பருத்த கன்னம் எங்கே? மீசையை மழித்திருந்தார்கள். தாம் சற்று முன் யாருக்காக அழுதோமோ அந்த முகம் இந்த வீட்டிலிருந்து எப்போதோ போய்விட்டது என்பதும், அது போனதுகூடத் தமக்குத் தெரியாது என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“வாடா மச்சான். பொணம் பேசுதேன்னு பயந்துடாத.” நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு.

“மச்சான், நான்… சத்தத்தக் கேட்டு…”

“நல்லா சொன்னடா. நீ நிறுத்துன பாரு, அந்த எடத்துல… யாரு பேரு வரப்போவுதோன்னு… நானே நிமிந்துட்டேன்.”

பெரியநாயகசாமிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஜெனித் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “ஏன்டா, வீட்டுக்குள்ள அத வாசிக்கலாமா? ஊர் வழக்கம் தெரியாத ஆளா நீ?”

“அவனத் திட்டாத. வாசிக்கச் சொன்னது நான்.” மதலைமுத்து கஞ்சிக் கிண்ணத்தை அனிட்டாவிடம் கொடுத்தார். “ஊருல எல்லாரும் அதக் கேக்கறீங்க. யாருக்காக வாசிக்கறாங்களோ… அவன் மட்டும் கேக்க முடியாது. இது என்ன நியாயம்? காது இருக்கறப்பவே கேட்டுக்கலாம்னு பாத்தேன். கேக்க வுட்டீங்களா? பாதியில மணி அடிச்சிட்டீங்க.”

“தப்புதான் மச்சான்.”

“அது கெடக்கட்டும். ஒண்ணு சொல்றேன் கேளு. கண்ண மூடிக்கிட்டேன். கல்லறைத் தோட்டம்தான் தெரியும்னு நெனச்சேன்… தெரியல. மொத தண்ணி வரும் பாரு, மேட்டூர் தொறந்து… மணல நனைச்சுக்கிட்டு, முன்னால நொரையும் சருகுமா தள்ளிக்கிட்டு… அதுதான் வந்துச்சு. மேல போயி நிக்குதுல்ல ஒரு எடம்? அங்க தண்ணி ஒரு பள்ளத்துல எறங்கி, நின்னு, ரொம்பி… அப்பறம் தாண்டுச்சு.” அவர் மூச்சு வாங்கினார். “சாவுக்குன்னு அந்த மெட்டுல யாருடா எழுதி வெச்சா?”

“எனக்கு அம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப பேஞ்ச மழதான் வரும்,” என்றான் ஜெனித். “கிளாரினெட்டு நனையக் கூடாதுன்னு எனக்குக் கொட புடிச்சாங்க. அம்மாவுக்குப் புடிக்கல.”

“ஒனக்கும்மா?” என்று மதலைமுத்து மருமகளைக் கேட்டார்.

“எனக்கா? அடுப்புல பாலு வெச்சிருந்தேன் மாமா. அதான் கண்ணுல நின்னுச்சு.”

மதலைமுத்து சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் கேட்டார்: “நீ என்னடா பாத்த? மைக்குல சொன்னது வேணாம். பாத்தத சொல்லு.”

பெரியநாயகசாமி சொன்னார். சொல்ல வேண்டியிருந்தது. கட்டில், மெழுகுவத்தி, மடி.

“இவ மடியிலயா?” மதலைமுத்து அனிட்டாவைப் பார்த்தார். “ஒரு நிமிசம் வெச்சா, ‘எந்திரிங்க, வேல கெடக்கு’ம்பா.”

“மாமா!”

“செபமாலை கையிலயா இருந்துச்சு? அது காணாம போயி ரெண்டு வாரமாவுதுடா. எங்க கெடக்குன்னு சொல்லிட்டுப் போ.”

ஜெனித் சிரித்தான். பெரியநாயகசாமியும் சிரிக்க முயன்றார். வரவில்லை.

“சரி. நீ எங்க நின்ன?”

“எங்கன்னா?”

“அந்தப் படத்துலடா. எல்லாரும் இருந்தாங்க. அனிட்டா இருந்தா, அவன் இருந்தான், செத்த நான் இருந்தேன். நீ எங்க?”

பெரியநாயகசாமி மனத்துக்குள் தேடினார். கட்டிலின் கால்மாட்டில் தேடினார்; சன்னலோரம் தேடினார்; அழுத முகங்களுக்கிடையில் தேடினார். அங்கெல்லாம் அவர் இல்லை. பொய் சொல்ல நாக்கு எழுந்தது. நல்ல சொற்களுக்கு அவரிடம் என்றும் பஞ்சமில்லை. ‘உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மழித்த முகத்துக்கு முன்னால் சொல் எழவில்லை.

“வெளியில,” என்றார். “கதவுக்கு வெளியில. சைக்கிள்ல.”

“எறங்கலையா?”

“ஒரு காலு ஊணியிருந்தேன்.”

மதலைமுத்து தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டறிந்தவர்போல, குற்றஞ்சாட்டும் குரலில் அல்லாமல் சொன்னார்: “அப்ப நான் செத்தும் நீ உள்ள வரல.”

வெளியே கூட்டம் காத்திருந்தது. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரியநாயகசாமி நின்ற இடத்திலேயே நின்றார். காது மடல்களிலிருந்து கழுத்துவரை சூடு இறங்கிற்று. பயிர் அழுகியதைவிட, வார்த்தை தடித்ததைவிட, ஊரார்முன் ஏமாளியானதைவிட இது பெரிது. கற்பனையில்கூட அவர் வாசற்படி ஏறவில்லை. தடுப்பார் எவரும் இல்லாத இடத்தில், யாரிடமும் தோற்றுப்போக வேண்டாத இடத்தில், அவர் தம்மை வெளியிலேயே நிறுத்தியிருந்தார்.

“போ. போயி மாத்திச் சொல்லு,” என்றார் மதலைமுத்து. “மாலையோட நிக்கறாங்க பாவம். பூ வாடிடும்.”

லூர்து மைக்கை எடுத்துக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. “தவறான தகவலின் அடிப்படையில்,” என்று தொடங்கினார் பெரியநாயகசாமி. அது அலுவலகத்தில் அவர் ஆயிரம் முறை எழுதிய தொடர். ஒருவரையும் சுட்டாத தொடர். நிறுத்தினார். இந்த நிறுத்தம் அவர் பழகியதன்று. தமக்கு எவரும் தகவல் கொடுக்கவில்லையே என்ற எண்ணம் குறுக்கே வந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சு மட்டும் ஊர் முழுவதும் கேட்டது.

“மதலைமுத்து உயிரோடு இருக்கிறார். அவர் இறந்ததை நான் பார்க்கவில்லை. வாசலில் நின்று வாத்தியத்தைக் கேட்டேன். மற்றதெல்லாம் நானே நினைத்துக்கொண்டது. கதவு பூட்டியிருக்கவில்லை. நான் உள்ளே போகவில்லை.” மைக்கை அணைத்தார்.

ஊர் சிரித்தது. தெருமுனை அந்தோணியார் கெபியில், அந்தச் சிறு குகைக் கோயிலில், அன்று மாலைகளுக்கு இடமில்லை. சுருபத்தின் மூக்குவரை பூ ஏறியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாமல், எறியவும் முடியாமல், எல்லாரும் அந்தோணியாருக்கே சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். வாட்சாப்புக் குழுவில் பெரியநாயகசாமியின் படத்துக்குக் கீழே, ‘இவர் சைக்கிளை நிறுத்தும் வீட்டார் கவனத்துக்கு’ என்று எவரோ எழுத, சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. மாலையோடு போனவர்களே அவற்றை இட்டார்கள்.

மறுநாள் காலையில் பெரியநாயகசாமி சட்டை போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க கெளம்புனீங்க?”

“எங்கயும் இல்ல.” பிறகு, “எந்த மொகத்த வெச்சிக்கிட்டுடி போறது?” என்றார். “கொஞ்ச நாளு போகட்டும். ஊரு மறக்கட்டும்.”

பாத்திமா மேரி முறத்தை வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். “மொதல்ல கோவம்னு போகல. இப்ப வெக்கம்னு போகல. நாளைக்கு வேற ஒண்ணு வரும். வெக்கமா இருந்தா தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போங்க. அந்த வீட்டு நெலவாசலு தாழ்வுதான். எப்படியும் குனிஞ்சுதான் ஆவணும்.”

அவர் போனார். நடந்து போனார். கம்பிக் கதவைத் தள்ளினார். தெருவில் எதிர்ப்பட்ட இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தது முதுகில் கேட்டது. குனிந்து உள்ளே நுழைந்தார்.

“யாரும் சாவல, போயிட்டு வா,” என்றார் மதலைமுத்து.

பெரியநாயகசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஜெனித் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

“இருடா,” என்று அவனை நிறுத்தினார் மதலைமுத்து. “நேத்து பாதியில நின்னுச்சு. முழுசா வாசிச்சிட்டுப் போ. இவன் பக்கத்துல இருக்கான். மணி அடிக்கப் போவ மாட்டான்.”

ஜெனித் வாசித்தான். அடித்தொண்டையில் தொடங்கி ஏறிற்று. பெரியநாயகசாமி கண்ணை மூடவில்லை. இம்முறை அவருக்குப் படம் எதுவும் வரவில்லை. எதிரில் ஆள் இருந்தார். எலும்பு தெரியும் மார்பு ஏறி இறங்குவதையும், உச்சியில் குழல் நின்றபோது அந்த மூச்சும் கூடவே நின்று, பிறகு இறங்கியதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் வெட்கம் குறையவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வாசித்து முடித்து ஜெனித் போனபின், மதலைமுத்து கேட்டார்: “அந்த அறிவிப்புல ‘பண்பாளர்’னு ஒண்ணு வந்துச்சே. அடுத்த தரம் அத எடுத்துடு.”

“ஏன்?”

“வரப்ப வெட்டுனவன்டா நான்.”

பெரியநாயகசாமி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்தினார். “வெட்டலன்னா ஒன் வயலு முழுவியிருக்கும்,” என்றார்.

“முழுவியிருக்கும்.”

அனிட்டா இரண்டு தம்ளரில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

இப்போது பெரியநாயகசாமி நாள்தோறும் போகிறார். தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறார். ஊர் இன்னும் சிரிக்கிறது. மாலையோடு அன்று திரண்டு போன மற்றவர்களில் ஒருவரும் அந்த வீட்டுக்கு மறுபடி போகவில்லை. கேட்டால், எந்த முகத்தோடு போவது, சங்கடமாக இருக்கிறது என்கிறார்கள். முன்பு நேரமில்லை என்றார்கள். செத்ததாகக் கேட்டதும் ஓடிய கால்கள், இருப்பதாகத் தெரிந்ததும் முடங்கிப்போயின. வெட்கம் ஒருவனை வாசற்படி ஏற்றவேண்டும். வீட்டுக்குள் பூட்டிக்கொள்ளவும் அதையே தாழ்ப்பாளாக்கினால் அது வெட்கமே அன்று.

இதைப் படிப்பவரே, உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருக்கும். எந்த வீடு என்று உங்களிடம் எவரும் சொல்லவேண்டியதில்லை. இந்த வரியைப் படிக்கும்போதே அதன் வாசல் உங்கள் கண்முன் வந்திருக்கும். கொண்டுபோகப் பழமோ, போகாதிருக்கக் காரணமோ தேடாதீர்கள். பெரியநாயகசாமியைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்துங்கள். எழுந்து, அந்த வீட்டுக்கு, அங்கிருப்பவருக்குக் காது கேட்கும்போதே, இன்றே போங்கள்.